ஜப்பான் திமிங்கலமும் நம் கரை ஆமையும்

எண்ணூர்க்காரன்:
ஜப்பான் திமிங்கல வேட்டையை நிறுத்தும்வரை அந்த நாட்டுப் பொருள் எதையும் வாங்கக் கூடாது என்று கடல்நேசன் எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கினவே, அப்போது எங்கே போனீர்கள்? இழுவை மடி வலையில் சிக்கும் ஆமை மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் மூழ்கிச் சாகிறது. கரையிலிருந்து அஞ்சு கடல் மைலுக்குள் விசைப்படகு மடி இழுக்கக் கூடாது. யார் கேட்கிறார்கள்?

கடல்நேசன்:
வணிகத் திமிங்கல வேட்டைக்கு 1986 முதல் உலகத் தடை இருக்கிறது. ஜப்பான் 2019இல் அந்தத் தடையைப் போட்ட சர்வதேசத் திமிங்கல ஆணையத்தை விட்டே வெளியேறி மறுபடி தொடங்கியது. ஆமை தவறிச் சிக்குகிறது, திமிங்கலத்தைத் தேடிப் போய்க் கொல்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

எண்ணூர்க்காரன்:
செத்த ஆமைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆமை தப்பிக்கும் கருவியை மடியில் பொருத்தலாம். அது இல்லை என்றுதான் 2019 முதல் அமெரிக்கா நம் கடல் இறாலை வாங்குவதில்லை. நமக்கு அந்த நஷ்டமும் உறைக்கவில்லை.

காசிமேடு லாஞ்சு:
வாய்க்கு வந்ததைப் பேசாதீர்கள். அஞ்சு மைலுக்குள் எங்கள் படகு வந்ததை நீங்கள் பார்த்தீர்களா? எங்கோ செத்ததை நீரோட்டம் இங்கே கொண்டுவந்து தள்ளும். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரம் முழுக்க எண்ணெய் மிதந்ததே, அதை விட்டுவிட்டு மீனவனைத்தான் பிடிப்பீர்களா?

எண்ணூர்க்காரன்:
அந்த எண்ணெயில் இறங்கி நின்றவன் நான், எனக்கே சொல்கிறீர்களா? பேச்சை மாற்றாதீர்கள். ராத்திரி கரையில் நின்றால் உங்கள் படகு விளக்கு கிட்டத்தில் தெரிகிறது. அஞ்சு மைலா அது?

காசிமேடு லாஞ்சு:
விளக்கைப் பார்த்து மைல் அளக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

திருவொற்றியூர் வாசி:
ஆமை முட்டையைப் பாதுகாக்கிறவர்கள் பெசன்ட் நகரோடு நின்றுவிடுகிறார்கள். எங்கள் பக்கம் கரை முழுக்கக் கல் கொட்டிவிட்டார்கள். ஆமை எங்கே ஏறும்?

கடல்நேசன்:
ராத்திரி முழுக்க மணலில் நடந்து முட்டை எடுக்கிறவர்களைக் குறை சொல்லாதீர்கள். நீங்களும் வந்து நடங்கள்.

திருவொற்றியூர் வாசி:
கல் மேலேயா?

எண்ணூர்க்காரன்:
கல்லைப் பற்றி அப்புறம் பேசலாம். அஞ்சு மைலுக்குப் பதில் வரவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கும் முதல் அட்டவணையில்தான் இந்த ஆமையும் இருக்கிறது. புலி இப்படிச் செத்துக் கிடந்தால் நாடே கேட்கும். உங்கள் படகு ஓடிய தடம் ஜிபிஎஸ்ஸில் இருக்குமே, அதை இங்கே போடுங்கள்.

காசிமேடு லாஞ்சு:
மீன் எங்கே கிடக்கிறது என்பதும் அதில்தான் இருக்கிறது. அதை ஊருக்குக் காட்ட முடியாது.

எண்ணூர்க்காரன்:
சரி, அப்படியானால் அஞ்சு மைலுக்குள் வந்தீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.