கியர்பாக்ஸுக்குக் காந்த டிரெயின் பிளக்: எண்ணெய்க் கசிவு நிற்கவில்லை

பெங்களூரில் ஓடும் என் 2012 ஹோண்டா சிட்டியின் (5 கியர், மேனுவல்) கியர்பாக்ஸில் காந்தம் வைத்த டிரெயின் பிளக்கை (எண்ணெய் வடிக்கும் துளையை அடைக்கும் திருகு) பொருத்தியதிலிருந்து, இரவு நிறுத்திவைத்தால் காலையில் பிளக்கின் கீழே ஒரு சொட்டு எண்ணெய் தொங்குகிறது. சென்ற மாதம் எண்ணெய் மாற்றியபோது கரிய இரும்புத்தூள் கணிசமாக வந்ததால்தான் இதை வாங்கினேன். சின்க்ரோ வளையத்தின் (கியர் மாற்றும்போது வேகங்களை இணைக்கும் வளையம்) பித்தளைத் துகளைக் காந்தம் பிடிக்காது என்பது தெரியும். பல்சக்கரங்களின் இரும்புத்தூள் சிக்கினாலே எனக்குப் போதும்.

மரை அளவு எம்14 (14 மி.மீ. விட்டம்), 1.5 பிட்ச் (மரைகளின் இடைவெளி, மி.மீ.), பழைய பிளக்கும் அதே. புதிய அலுமினிய வாஷர் போட்டு, டார்க் ரெஞ்சால் 39 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கியும் பலனில்லை. செம்பு வாஷரிலும் அதே கதை. கியர்பாக்ஸின் அலுமினிய உறையில் உள்ள மரை போய்விடும் என்பதால் அதற்கு மேல் இறுக்கவில்லை. பழைய பிளக்கைப் புது வாஷருடன் திரும்ப மாட்டினால் கசிவே இல்லை, ஆகவே உறையில் குறையில்லை. புதிய பிளக்கின் வாஷர் உட்காரும் முகத்தில் நீல மார்க்கர் பூசி இறுக்கிக் கழற்றிப் பார்த்தேன்: ஒரு பக்கம் மை முழுதும் அழிந்திருக்க, எதிர்ப்பக்கம் அப்படியே இருந்தது. முகம் மரைக்குச் செங்குத்தாகக் கடையப்படவில்லை என்றே தோன்றுகிறது.

ஜே.சி. ரோடு வாகன உதிரிபாகக் கடைகளில் கேட்டால், மரை ஒன்றுதானே என்று இன்ஜின் எண்ணெய்க்கான பிளக்கையே எடுத்து நீட்டுகிறார்கள்; அதில் காந்தம் இல்லை.

இதே கியர்பாக்ஸில் காந்த பிளக் பொருத்திக் கசிவின்றி ஓட்டுபவர்கள், எந்தப் பிளக்கை, பெங்களூரில் எங்கே வாங்கினீர்கள்?