சாயம் போட்டது யார்? கெட், புட், கால் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

ஊத்துக்குளி வெண்ணெய்:

எல்லோருக்கும் வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் 9 வருடமாக மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது பையர்களின் (சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்களின்) ஆர்டர்களைக் கவனிப்பது. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள். இங்கிலீஷ் வராது என்று சொல்ல மாட்டேன். போன மாதம் இணையத்தில் ஒரு பரீட்சை எழுதிப் பார்த்தேன், பி2 என்று வந்தது. ஏ1-இல் தொடங்கி சி2-இல் முடியும் ஆறு படிகளில் நாலாவது படி. 'டிஸ்க்ரெபன்சி', 'கன்சைன்மெண்ட்' எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுத்துப் பிசகாமல் சொல்வேன். என்னைக் கவிழ்ப்பதெல்லாம் சின்ன வயதில் படித்த கெட், புட், டேக், கால்தான்.

நேவி கலர் டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று. துணி எந்த நிலையில் இருக்கிறது என்று பையர் கேட்டார். 'வீ டைடு த ஃபேப்ரிக் லாஸ்ட் வீக்' என்று பதில் போட்டேன். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. மறுநாள் காலையில் பார்த்தால் சிசியில் நாலு புதுப் பெயர். உங்களுக்குச் சாயப்பட்டறையே இல்லை என்று கம்பெனி விவரத்தில் இருக்கிறதே, எங்கே சாயம் போட்டீர்கள், கழிவுநீர் எங்கே போகிறது என்று கேள்வி. 2011-இல் உயர் நீதிமன்றம் நம் ஊர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன கதை எங்கள் பையருக்கும் தெரியும். சாயம் என்ற சொல்லைக் கண்டாலே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். நாங்கள் எப்போதும் போல ஜாப் ஒர்க்குக்குத்தான், அதாவது வெளிப் பட்டறையில் கூலிக்குச் சாயம் போடத்தான், கொடுத்திருந்தோம். அதை விளக்கி, பட்டறையின் காகிதங்களை வாங்கி அனுப்பி முடிக்க ரெண்டு நாள். முதலாளி ரூமில் நின்றது தனி.

நம்மூரில் 'தீபாவளிக்கு ரெண்டு பிளவுஸ் தைத்தேன்' என்றால் நீயா மிஷினில் உட்கார்ந்தாய் என்று யாராவது கேட்பார்களா? மாமா பெருமாநல்லூரில் வீடு கட்டினார் என்றால் அவரா கொத்தனார்?

இன்னொரு நாள், வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் 'கால்டு ஆஃப்' என்று மெயில். கால் என்று இருக்கிறதே, போன் செய்வார்கள் போல என்று நினைத்து, செக்கிங் ஆட்களை ராத்திரி 7 மணி வரை நிறுத்தி, அட்டைப்பெட்டிகளை ஒட்டாமல் வைத்திருந்தேன். போனும் வரவில்லை, ஆளும் வரவில்லை. ரத்து என்று அர்த்தமாம். அந்த ஓவர்டைம் காசு இன்னும் என் கண்ணை உறுத்துகிறது.

நோட்டுப் போட்டு இந்த மாதிரி 300 எழுதினேன். 20 தங்கியிருக்கும். புட் ஆஃப், கால் ஆஃப், ஹோல்ட் ஆஃப், எல்லாமே ஆஃப், எதற்கும் மண்டையில் பிடிமானம் இல்லை. வேறு வழி உண்டா? இங்கிலீஷ் படம் பாருங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். வீடு போய்ச் சேரவே 8 மணி, அப்புறம் தோசை, அப்புறம் பாப்பாவின் ஹோம்ஒர்க்.

பஞ்சுமூட்டை:

அக்கா, மெயிலில் எழுதியதோடு நிறுத்தினீர்களே. போனில் 'வீ டைடு' என்று சொல்லியிருந்தால் எல்லோரும் செத்துப்போய்விட்டோம் என்று துக்கம் விசாரித்திருப்பார்கள். நானும் சரக்கு தீர்ந்துவிட்டது என்பதற்கு 'ரன் அவுட் ஆஃப் ஸ்டாக்' என்று எழுதியதைப் படித்துவிட்டு யார் அவுட் என்று தேடினவன்தான். நல்ல பதில் வந்தால் எனக்கும் ஆகும்.

வாழைத்தோட்டம் கோபி:

அம்மிணி, 31 வருடம் இங்கிலீஷ் நடத்திவிட்டு இப்போது வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறேன். தப்பு உங்கள் மேல் இல்லை, எங்கள் மேல்தான். 'கிவ் அப்' வந்தால் ஒரு மார்க்குக்கு வேறொரு பெரிய சொல்லை எழுதவைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். பெரிய சொல்தான் படிப்பு என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும்.

முதலில் சாயத்தை முடித்துவிடுவோம். தமிழில் செய்ததும் செய்வித்ததும் பேச்சில் ஒன்றாகவே போகிறது. தைத்தேன் என்றாலும் தைக்கக் கொடுத்தேன் என்றாலும் கேட்பவருக்குப் புரியும். இங்கிலீஷ்காரர் அங்கே ஒரு கெட் வைத்தே ஆவார். 'வீ காட் த ஃபேப்ரிக் டைடு' என்றால் வேறொருவரிடம் கொடுத்துப் போட்டு வாங்கினோம். கெட், பொருள், அதற்குப் பின் வினையின் மூன்றாம் வடிவம். இந்த வரிசை மாறக் கூடாது. 'காட் டைடு த ஃபேப்ரிக்' என்று புரட்டிப் போட்டால் கெட்டது. கெட் இருக்கிற இடத்தில் ஹேவ் வைத்தாலும் சரி, சற்று மரியாதையாக இருக்கும். உங்கள் ஊரே ஜாப் ஒர்க்கில் ஓடுகிற ஊர். நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி எல்லாம் வெளியே போய் வருகிறது. இந்த ஒரு அமைப்பு உங்களுக்குத் தினம் பத்து முறை வேண்டும்.

இனி போடு என்ற நம் சொல்லைப் பாருங்கள். சட்டை போடு, டீ போடு, சண்டை போடு, கையெழுத்து போடு, ஃபேன் போடு, கணக்குப் போடு. வெளியூரிலிருந்து தமிழ் படிக்க வருகிறவன் இதைக் கண்டு தலையில் கை வைத்துக்கொள்வான். நமக்கு ஒரு சிரமமும் இல்லை, ஏனென்றால் போடு என்பதைத் தனியாக நாம் படித்ததே இல்லை, டீயோடும் சட்டையோடும் சேர்த்துத்தான் வந்தது. நீங்கள் நோட்டில் தனித்தனியாக எழுதிய 300-இல் 280 ஓடிப்போனதற்குக் காரணம் அதுதான்.

1930-இல் சார்லஸ் ஆக்டன் என்பவர் 850 சொற்களில் ஒரு சின்ன இங்கிலீஷ் கட்டினார். அதில் வினைகள் 18தான். கெட், புட், டேக், மேக், கிவ், கீப் எல்லாம் அந்தப் பதினெட்டில் அடக்கம். மீதியை இவையும் அப், ஆஃப், அவுட் போன்ற வால்களும் சேர்ந்து சமாளித்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. கெட்டும் டேக்கும் வைக்கிங் ஆட்களின் நார்ஸ் மொழியிலிருந்து வந்து வீட்டாளாகவே ஆகிவிட்ட சொற்கள். போஸ்ட்போன் லத்தீனிலிருந்து வந்த ஒறம்பரை (விருந்தாளி), திண்ணையில் விறைப்பாக உட்கார்ந்திருக்கும். உடைத்துப் பார்த்தால் அதற்கும் 'பின்னால் வை' என்றுதான் பொருள்.

வாலுக்கும் நம்மிடம் ஒத்தது உண்டு. கிழி வேறு, கிழித்துப் போடு வேறு. எழுது வேறு, எழுதி வை வேறு. பார் வேறு, பார்த்துக்கொள் வேறு. 'டேர் அப்', 'ரைட் டவுன்', 'லுக் ஆஃப்டர்' மூன்றையும் இவற்றோடு வைத்துப் பாருங்கள். அப்புறம் புட் ஆஃப் என்பது அச்சாக நம் தள்ளிப் போடு. ஆஃப் என்றால் விலகுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாயை ஏவிவிட்டவன் 'வாடா' என்று திரும்பக் கூப்பிட்டால் அது கால் ஆஃப். இன்ஸ்பெக்‌ஷனையும் அப்படித்தான் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஹோல்ட் ஆஃப் என்றால் கையைப் பிடித்து நிறுத்துவது, கட்டிங் போட வேண்டாம், பொறு என்பது.

பீளமேடு மோட்டார்:

வாத்தியாரய்யா சொன்னது சரிதானுங்க, ஆனால் மெயில் வந்து நிற்கும்போது நாயும் வாலும் ஞாபகம் வராது. நான் பம்ப் ஏற்றுமதியில் இருக்கிறேன். நான் செய்தது வேறு. ஏனுங்க்கா, உங்கள் பையர் 9 வருடமாக எழுதிய மெயில் எல்லாம் பெட்டியிலேயே இருக்குமல்லவா? அனுப்புநர் இடத்தில் அவர் பெயரைப் போட்டு, 'ஆஃப்' என்று தேடுங்கள். அவர் உங்களுக்கு எழுதிய வரி, உங்கள் ஆர்டரைப் பற்றி. அதைவிட நல்ல பாடப்புத்தகம் கடையில் கிடைக்காது. வாரத்துக்கு ஒரு சொல் போதும்.

நீங்கள் எழுதும்போது சந்தேகமாக இருந்தால் கேன்சல் என்றே போடுங்கள், ஒறம்பரையானாலும் பரவாயில்லை. சரக்கு நிற்கும்போது அழகு பார்க்கக் கூடாது. ஒன்று மட்டும், 'புட் ஆஃப் இட்' என்று எழுதிவிடாதீர்கள், 'புட் இட் ஆஃப்'. ஆனால் 'லுக் ஆஃப்டர் இட்' போலச் சில பிரியாது. அதற்கு விதி தேடி நேரம் போக்காதீர்கள், பையர் எழுதிய வரியை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள்.

'டேபிள்' வந்தால் எந்த நாட்டுக்காரர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் பேச்சுக்கு எடுப்பது, அமெரிக்காவில் ஒதுக்கி வைப்பது. எங்கள் அமெரிக்க பையர் விலை உயர்வை டேபிள் செய்கிறோம் என்றபோது, ஆகா பேசப் போகிறார்கள் என்று காபி வரவழைத்துவிட்டோம்.

ஊத்துக்குளி வெண்ணெய்:

பத்து நாள் கழித்து வருகிறேன். தேடினேன். கெட் ஆயிரக்கணக்கில் வந்து மூச்சு முட்டியது, அதனால் மோட்டார் தம்பி சொன்ன மாதிரி ஒரே பையர், ஒரே சொல், ஆஃப். 40 வரி எடுத்து ஒட்டினேன். தள்ளிப் போடு நன்றாகவே பிடித்துக்கொண்டது. ஆனால் ஒன்று இடிக்கிறது. 'ப்ளீஸ் கெட் த லேப் டிப்ஸ் சைன்டு ஆஃப் பை ஃப்ரைடே' என்று ஒரு வரி. இங்கே எதுவும் விலகவில்லையே, லேப் டிப்ஸுக்கு (சாய நிற மாதிரித் துண்டுகளுக்கு) ஒப்புதல் வாங்கச் சொல்கிறார்.

வாழைத்தோட்டம் கோபி:

மாட்டிக்கொண்டேன். அங்கே ஆஃப் என்பது முடித்துவிடுவது. கையெழுத்துப் போட்டால் வேலை நம் கையைவிட்டுக் கழன்றது என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் அது வாத்தியார் வேலை. ஆஃபுக்கு ஒரே பொருள் கிடையாது. மோட்டார் தம்பி வழியிலேயே போங்கள். அந்த வரியின் முதலில் யார் நிற்கிறார் பார்த்தீர்களா? நம் கெட்.

ஊத்துக்குளி வெண்ணெய்:

பார்த்தேனுங்க ஐயா. அதனால்தான் வீட்டில் இப்போது ஒரு பஞ்சாயத்து. பாப்பா ஹோம்ஒர்க்கில் 'ஐ கட் மை ஹேர் ஆன் சண்டே' என்று எழுதியிருந்தாள். வெட்டியது கடைத்தெரு சலூனில். விடுவேனா, 'ஐ காட் மை ஹேர் கட்' என்று மாற்றினேன். அவள் மிஸ் காட்-ஐ சிவப்பு மையில் சுழித்து, தேவையில்லை என்று எழுதி அனுப்பியிருக்கிறார். பாப்பா என்னோடு பேசவில்லை.

வாழைத்தோட்டம் கோபி:

நீங்கள் எழுதியதுதான் சரி. மிஸ்ஸிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், ஒருவேளை என்னிடம் படித்த பிள்ளையாக இருக்கும்.