இயர்பட்ஸ் ஃபர்ம்வேர் அப்டேட் பாதியில் நிற்கிறது, இடது பட் சார்ஜும் ஏறவில்லை

பொன்னிக்கரை (கேள்வி)

வணக்கம். ஆண்ட்ராய்டு 13 போன். ரூ. 2,000க்குள் வாங்கிய இயர்பட்ஸ், வயது 14 மாதம். கம்பெனி ஆப்பில் புது ஃபர்ம்வேர் (பட்டை இயக்கும் உள் மென்பொருள்) வந்திருக்கிறது. டவுன்லோட் முடிகிறது, ஆனால் இன்ஸ்டால் 50% பக்கம் போனதும் தோல்வி என்று வந்துவிடுகிறது. நான்கு முறையும் இதே கதைதான். வலது பட் 100% காட்டும்போது இடது 20–30% தாண்டுவதில்லை. கேஸை மூடினாலும் சில சமயம் இடது பட் போனோடு இணைந்தபடியே இருக்கிறது.

இன்னும் சில சந்தேகங்கள். போனுடன் வந்த 67 வாட் சார்ஜரில் கேஸைப் போடலாமா? சி-டு-சி கேபிளில் (இரு முனையும் யூஎஸ்பி-சி) கேஸ் விளக்கே எரிவதில்லை, பழைய ஏ-டு-சி கேபிளில் (சார்ஜர் பக்கம் அகலமான பழைய யூஎஸ்பி முனை) எரிகிறது. போர்ட் பழுதா? இரவு முழுக்கச் சார்ஜில் விடலாமா? பாட்டு நன்றாகத்தான் கேட்கிறது, அப்டேட் செய்யாமலே விட்டால் என்ன?

மின்தடம்

கேஸை மூடிய பிறகும் இடது பட் இணைந்திருக்கிறது என்றீர்களே, காரணம் அங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான மாடல்களில், கேஸுக்குள் உட்கார்ந்துவிட்டோம் என்பதை பட் தெரிந்துகொள்வது சார்ஜிங் பின் வழியாகத்தான். பின் தொடாவிட்டால் சார்ஜும் ஏறாது, இணைப்பும் விடாது. பல மாடல்களில் ஃபர்ம்வேர் முதலில் ஒரு பட்டுக்குப் போய், பிறகு மற்றதற்குப் போகும். 50% பக்கம் நிற்பது இரண்டாவது பட்டின் முறை வரும் இடமாக இருக்கலாம். அதனால் ஆப்பைத் தொடும் முன் பின்னைப் பாருங்கள்.

கேஸின் குழிகளில் ஸ்பிரிங் வைத்த சிறு பின்கள் இருக்கும், அவற்றுக்கு நேராக பட்டின் அடியில் முலாம் பூசிய புள்ளிகள். வியர்வை உப்பும் காதுக் குறும்பியும் சேர்ந்து அங்கே கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படியும். கேஸை சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டு, காய்ந்த மென்மையான பிரஷால் முதலில் தட்டிவிடுங்கள். பிறகு பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு, பிழிந்துவிட்டு, பின்னையும் பட்டின் புள்ளிகளையும் துடையுங்கள். 90%க்கு மேல் இருப்பது நல்லது. மருந்துக்கடையில் 70%தான் கிடைத்தால் அதுவும் போதும், ஆனால் அதில் தண்ணீர் அதிகம் என்பதால் அரை மணி நேரம் திறந்துவைத்துக் காயவிடுங்கள். சானிடைசர் ஜெல் வேண்டாம், அதிலுள்ள கிளிசரின் படிந்து நிலைமையை மோசமாக்கும். நெயில் பாலிஷ் ரிமூவர் பிளாஸ்டிக்கை உருக்கும். ஊசி, பிளேடால் சுரண்டினால் முலாம் போய்விடும், அதன்பின் களிம்பு பிடிப்பதைத் தடுக்க முடியாது.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். ஓடிவிட்டோ மழையில் நனைந்தோ வந்து, ஈரத்தோடு பட்டை கேஸில் போடாதீர்கள். பின்னில் மின்னழுத்தம் இருக்கிறது, நடுவில் உப்புநீர் இருக்கிறது. மின்னாற்பகுப்பு நடந்து சில வாரங்களிலேயே பின் கறுத்துவிடும். ஐபிஎக்ஸ்4 மாதிரியான நீர்த்தெறிப்புத் தாங்கும் மதிப்பீடு பட்டுக்குத்தான், கேஸுக்கு இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சார்ஜ் சரியாக ஏறிய பிறகு அப்டேட்டுக்கு வாருங்கள்:

1. இரண்டு பட், கேஸ் மூன்றும் 50%க்கு மேல் இருக்கட்டும். சார்ஜ் குறைவாக இருந்தால் பல ஆப்கள் ஆரம்பிக்கவே விடாது. விட்டாலும் நாம் ஆரம்பிக்கக் கூடாது.
2. முன்பு இணைத்த லேப்டாப், டேப்லெட், டிவியில் புளூடூத்தை அணைத்துவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு இணையும் வசதி இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.
3. ஆப்புக்கு "அருகிலுள்ள சாதனங்கள்" அனுமதி வேண்டும். இது ஆண்ட்ராய்டு 12 முதல். 11 வரை இருப்பிட அனுமதி தேவை. பேட்டரி சேமிப்பானில் அந்த ஆப்பைக் கட்டுப்பாடு இல்லாமல் விடுங்கள். திரை அணைந்ததும் போன் ஆப்பை நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கும்.
4. ஃபைல் போனுக்கு வருவதுதான் இணையம் வழியாக. போனிலிருந்து பட்டுக்குப் போவது புளூடூத்தில், அதாவது 2.4 கிகாஹெர்ட்ஸில். வைஃபை ரவுட்டர், மைக்ரோவேவ் அடுப்பு, யூஎஸ்பி 3 ஹப் பக்கத்தில் வைக்காதீர்கள். போன் ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும், பாட்டும் அழைப்பும் வேண்டாம்.
5. பட் காதில் இருக்கவேண்டுமா, கேஸில் மூடி திறந்து இருக்கவேண்டுமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஆப் சொல்வதை அப்படியே செய்யுங்கள்.
6. 100% வந்ததும் பட் தானே மறுபடி தொடங்கும். அந்தச் சில நிமிடங்கள் அதை எடுக்கவும் வேண்டாம், போடவும் வேண்டாம்.

நான்கு முறை தோற்றதால் பட் கெட்டிருக்குமோ என்று பயப்படத் தேவையில்லை. நல்ல வடிவமைப்பில் புது ஃபர்ம்வேர் தனி இடத்தில் எழுதப்பட்டு, முழுதாக வந்ததா என்று சரிபார்த்த பிறகே பழையதன் இடத்தைப் பிடிக்கும். பாதியில் அறுந்தால் பழையதே ஓடும். ஆபத்து கடைசிக் கட்டத்தில்தான், அங்கே மின்சாரம் போனால் பட் எழாமல் போகலாம். முதல் படி அதனால்தான் 50%.

செம்புக்கம்பி

சார்ஜர் கேள்விக்கு வருகிறேன்.

67 வாட் சார்ஜரில் தாராளமாகப் போடலாம். சார்ஜர் மின்சாரத்தைத் திணிப்பதில்லை, கேஸ் கேட்பதைத்தான் கொடுக்கும். யூஎஸ்பி சார்ஜர் முதலில் 5 வோல்ட்தான் தரும், அதற்கு மேல் போக எதிர்ப்பக்கம் பேசிக் கேட்க வேண்டும். இந்த விலைக் கேஸ் அப்படிக் கேட்காது. கேஸ் பேட்டரி பொதுவாக 300 முதல் 500 எம்ஏஎச், ஒவ்வொரு பட்டிலும் 30 முதல் 60 எம்ஏஎச். இழுப்பது இரண்டு மூன்று வாட் அளவுதான். பயப்பட வேண்டியது வாட்டுக்கு அல்ல, பெயரில்லாத மலிவுச் சார்ஜருக்கு. அதில் 230 வோல்ட் பக்கத்தையும் 5 வோல்ட் பக்கத்தையும் பிரிக்கும் காப்பு சரியாக இருக்காது. இந்தியாவில் வாங்கும்போது பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையோடு ஆர் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம்.

சி-டு-சியில் எரியாதது பெரும்பாலும் போர்ட் பழுதல்ல, தயாரிப்பாளர் செய்த சிக்கனம். சி போர்ட்டில், எதிரில் என்ன மாட்டியிருக்கிறது என்று அறிய உதவும் இரண்டு சிசி பின்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் 5.1 கிலோ ஓம் மின்தடை இருந்தால்தான் "இங்கே ஒரு கருவி இருக்கிறது" என்று சி சார்ஜர் புரிந்துகொண்டு மின்சாரம் விடும். மலிவான கேஸ்களில் அந்த மின்தடையைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். ஏ போர்ட்டில் 5 வோல்ட் எப்போதும் இருக்கும், அதனால் அந்தக் கேபிளில் எரிகிறது. ஏ-டு-சி கேபிளையே பயன்படுத்துங்கள், போர்ட்டைக் கிளற வேண்டாம்.

பவர் பேங்கில் போட்டால் சில நிமிடத்தில் நின்றுபோகும், அதையும் பழுது என்று நினைக்காதீர்கள். இழுப்பு மிகக் குறைவாக இருப்பதால் "எதுவும் மாட்டவில்லை" என்று பவர் பேங்க் தூங்கிவிடுகிறது. சிலவற்றில் பட்டனை இருமுறை அழுத்தினால் குறைந்த மின்னோட்ட முறை வரும்.

இரவு முழுக்க விட்டால் வெடித்துவிடாது. பேட்டரி 4.2 வோல்ட்டை எட்டி, மின்னோட்டம் குறைந்ததும் சார்ஜிங் சிப் நிறுத்திவிடும். ஆனால் முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் லித்தியம் சீக்கிரம் மூப்படையும். தலையணைக்கு அடியில், மெத்தைமேல் வேண்டாம். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் வைத்துச் சார்ஜ் போடவே கூடாது, 45 டிகிரிக்கு மேல் லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது தவறு. மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வையுங்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுங்கள்.

பட்டின் இணைப்புக்கோடு பிளந்தாலோ, கேஸ் மூடி உப்பிச் சரியாக மூடாவிட்டாலோ, இனிப்பு கலந்த ரசாயன வாடை வந்தாலோ சார்ஜ் போடுவதை அன்றோடு நிறுத்துங்கள். குத்தாதீர்கள், குப்பைத்தொட்டியிலும் போடாதீர்கள். மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள்.

நான்காம்சுவர்

"செய்யாமல் விட்டால் என்ன" என்பதற்குப் பதில் யாரும் சொல்லவில்லை. பாட்டுத் தரத்துக்காக மட்டும் என்றால் விடலாம். பாதுகாப்புக்காக என்றால் விடக்கூடாது.

2024 ஜூனில் ஆப்பிள் ஏர்பாட்ஸுக்கு விட்ட ஃபர்ம்வேர் சிவிஇ-2024-27867 என்ற பதிவு எண் கொண்ட பாதுகாப்பு ஓட்டையை அடைத்தது. புளூடூத் தொலைவில் இருக்கும் ஒருவர், முன்பு இணைந்த கருவியைப்போல நடித்து ஏர்பாட்ஸுக்குள் நுழைய அது வழிவிட்டது. 2025 ஜூனில் ஜெர்மனியின் ட்ரூப்பர்ஸ் கணினிப் பாதுகாப்பு மாநாட்டில், தைவானின் ஏரோஹா நிறுவனத்து புளூடூத் சிப்களில் இருந்த மூன்று ஓட்டைகளை ஈஆர்என்டபிள்யூ என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இணைக்காமலே பக்கத்திலிருந்து பட்டின் நினைவகத்தைப் படிக்க முடிந்தது. பல பிராண்டுகள் அதே சிப்பைப் போடுகின்றன. சிப் நிறுவனம் திருத்தம் கொடுத்தாலும், ஒவ்வொரு பிராண்டும் தன் ஃபர்ம்வேரில் சேர்த்து அனுப்பினால்தான் நம் காதுக்கு வரும்.

ஏர்பாட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு: அதில் அப்டேட் பட்டன் கிடையாது. வைஃபையில் இருக்கும் ஐபோனுக்குப் பக்கத்தில், பட்டை கேஸில் போட்டு மூடி, கேஸைச் சார்ஜில் மாட்டி, குறைந்தது 30 நிமிடம் திறக்காமல் விடுங்கள். இங்கே மூடி மூடித்தான் இருக்கவேண்டும்.

பொன்னிக்கரை

மின்தடம் சொன்னபடி துடைத்தேன், இடது பட் 80% வரை ஏறியது. ஆனால் இடது குழியில் ஒரு பின் அழுத்தினால் உள்ளேயே நின்றுவிடுகிறது. அலுமினியத் தாளை மடித்து வைத்தால் தொடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன், செய்யலாமா?

செம்புக்கம்பி

செய்யாதீர்கள். தாள் நகர்ந்து பக்கத்துப் பின்னைத் தொட்டால் ஷார்ட் ஆகும்.

பின்னின் உறைக்குள் அழுக்கு இறுகியிருக்கிறது. ஒரே ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டு, மரப் பல்குச்சியின் முனையால் நேராக 15–20 முறை அழுத்தி விடுங்கள், சாய்த்து அழுத்தினால் பின் வளைந்துவிடும். ஒரு மணி நேரம் காயட்டும். எழுந்து வராவிட்டால் பின்னை மாற்றவேண்டும், சால்டரிங் தெரிந்த கடையில் செய்துதருவார்கள். காது ரப்பரை மாற்றியிருக்கிறீர்களா? கொஞ்சம் பெரிய ரப்பர் போட்டாலும் பட் குழிக்குள் முழுதாக இறங்காது.

மின்தடம்

பின் சரியானதும், அப்டேட்டுக்கு முன் போனில் இந்த இயர்பட்ஸை மறக்கச் செய்து, கையேட்டில் சொன்னபடி ரீசெட் போட்டு, புதிதாக இணையுங்கள். நான்கு தோல்விக்குப் பிறகு ஒரு பட்டில் புது ஃபர்ம்வேரும் மற்றதில் பழையதும் இருக்க வாய்ப்புண்டு. பதிப்பு எண்ணை ஆப்பில் இரு பட்டுக்கும் தனித்தனியாகப் பாருங்கள், இரண்டும் ஒன்றாக வரும்வரை அப்டேட் முடியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.