டால்பின் குட்டி பிறந்த முதல் சில வாரங்கள்: இரவு ஷிப்டில் பதிவேடு எழுதுவது எப்படி?

மாட்டுங்கா_மாணவி (கேள்வி)
மும்பை பரேல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து நால்வர் வெளிநாட்டுக் கடல் விலங்குக் காட்சியகம் ஒன்றுக்கு ஆறு வாரப் பயிற்சிக்குப் போகிறோம். அங்கே சினையாக இருக்கும் பாட்டில்நோஸ் டால்பின் அந்தச் சமயத்தில்தான் ஈனும். இந்தியாவில் டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி கிடையாது என்று மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2013 மே மாதமே சுற்றறிக்கை விட்டுவிட்டதால், இங்கே நேரில் பார்த்துப் பழக வழியில்லை. மாடு, எருமை ஈனுவது தெரியும். எங்களுக்குத் தரும் வேலை இரவுக் கண்காணிப்பு. ஈனப்போவது எப்படித் தெரியும்? குட்டி பால் குடித்ததை எப்படி உறுதி செய்வது? எப்போது மருத்துவரை எழுப்ப வேண்டும்?

ஓங்கில்
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். சினைக்காலம் ஏறக்குறைய 12 மாதம் என்பதால் நாள் கணக்கை மட்டும் நம்ப முடியாது. தாயின் உடல் வெப்பம்தான் நல்ல அடையாளம். ஈனுவதற்குச் சுமார் ஒரு நாள் முன்னால் வழக்கமான அளவைவிட அரை டிகிரி செல்சியஸுக்கு மேல் இறங்கும். அந்த "வழக்கமான அளவு" ஒவ்வொரு விலங்குக்கும் வேறு. அதனால் பல வாரம் முன்பிருந்தே தினமும் ஒரே நேரத்தில், மலக்குடலில் ஒரே ஆழத்தில் அளந்த குறிப்பு வேண்டும். ஒரு நாள் வெப்பமானிக் குழாயைக் குறைவான ஆழத்தில் விட்டால் வெப்பம் இறங்கியது போலத் தெரியும், ஊரையே எழுப்பிவிடுவீர்கள்.

மாட்டு அனுபவத்தில் ஒன்றை மறந்துவிடுங்கள். கன்று பின்பக்கமாக வந்தால் அங்கே கவலை. டால்பினுக்கு வால் முதலில் வருவதுதான் வழக்கம். தலை முதலில் வருவதும் உண்டு, அதை மட்டும் வைத்துப் பதற வேண்டாம். வால் தெரிந்த நேரத்தை நிமிடத்தோடு எழுதுங்கள். பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் முடியும். அதைத் தாண்டியும் முன்னேற்றமே இல்லை என்றால் எழுப்புங்கள். தொப்புள்கொடி தானாக அறுந்துவிடும், யாரும் தொட வேண்டியதில்லை. நஞ்சுக்கொடி விழுந்த நேரமும் பதிவேட்டில் வர வேண்டும். அதை எடுத்து, எடை போட்டு, முழுசாக இருக்கிறதா என்று விரித்துப் பார்க்க வேண்டும்.

கண்ணாடிச்சுவர்
இரண்டாவது கேள்விதான் பெரியது. ஏமாறுவதும் இங்கேதான்.

குட்டி சுமார் ஒரு மீட்டர் நீளம், 10 முதல் 20 கிலோ. முதுகுத் துடுப்பும் வாலும் துவண்டிருக்கும், உடம்பின் இருபுறமும் கருப்பையில் மடிந்து கிடந்த வெளிறிய கோடுகள் தெரியும். அது முதலில் எங்கே வேண்டுமானாலும் முட்டும்: தாயின் கண் அருகில், பக்கத் துடுப்புக்கு அடியில், குளத்துச் சுவரில்கூட. முட்டலை எல்லாம் பாலூட்டலாக எழுதினால், பட்டினி கிடக்கும் குட்டி பதிவேட்டில் நன்றாகக் குடிப்பது போல இருக்கும்.

தாயின் வயிற்றடியில், பிறப்புறுப்புப் பிளவுக்கு இருபக்கமும் பால் பிளவுகள் உண்டு. குட்டி நாக்கின் ஓரங்களைக் குழல் போல மடித்து அதில் பொருத்தும். தாய் வால் அடிப்பதை நிறுத்தி, லேசாகச் சாய்ந்து மிதந்து போவாள். பிடி சில விநாடிதான். விடும்போது சில சமயம் வெள்ளைப் புகை போலப் பால் கலங்கும். இப்படி ஓரிரு நிமிடத்துக்குள் பலமுறை பிடித்து விடும். ஆகவே நேரம், இடப்பக்கமா வலப்பக்கமா, எத்தனை விநாடி என்ற மூன்றையும் எழுதி, மணிக்கு மணி விநாடிகளைக் கூட்டுங்கள். "குடித்தது" என்று மட்டும் எழுதிய பக்கத்தால் மருத்துவருக்கு ஒரு பயனும் இல்லை. தண்ணீருக்கு அடியில் பார்க்கும் ஜன்னல் இருந்தால் அங்கேயே உட்காருங்கள். மேலிருந்து பார்த்தால் அலையின் மினுக்கத்தில் பாதி தவறிப்போகும்.

சில நாள் கழித்து மொத்த விநாடிகள் குறையலாம். குட்டி உறிஞ்சத் தேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். உடம்பையும் சேர்த்துப் பாருங்கள். மூச்சுத்துளைக்குப் பின்னால் கழுத்துப் பக்கம் பள்ளம் விழுந்தால் மெலிகிறது என்று பொருள். மெலிவோடு சேர்ந்து விநாடிகள் குறைந்தால்தான் ஆபத்து.

எழுப்ப வேண்டிய கட்டம்: 24 மணி நேரத்துக்குள் உறுதியான பிடி ஒன்றுகூட இல்லை, தாயின் விலாவை ஒட்டி நீந்தாமல் தனியே சுற்றுகிறது, ஐந்து நிமிட மூச்சுக் கணக்கு திடீரென ஏறுகிறது அல்லது இறங்குகிறது, சுவரில் மோதுகிறது. விலாவை ஒட்டி நீந்தும்போது தாய் கிழிக்கும் நீரோட்டமே குட்டியை இழுத்துப்போகும். அந்த இடத்தை விட்டு அடிக்கடி நழுவினால் குட்டி களைத்துவிட்டது.

இருவரும் முதல் வாரங்களில் நிற்காமல் நீந்துவார்கள். அது நோயல்ல. 2005-இல் வெளியான ஆய்வு ஒன்று இதைப் பதிவு செய்தது. நீந்தியபடியே மூளையின் ஒரு பாதி உறங்கலாம் என்று பிறகு விவாதமும் நடந்தது. நீங்கள் குளத்தருகே நடமாட்டத்தையும் சத்தத்தையும் குறையுங்கள், விளக்கை அணைத்து அணைத்துப் போடாதீர்கள். ஆண் டால்பின்களைப் பிரித்து வைத்திருக்கிறார்களா என்று முதல் நாளே கேளுங்கள்.

மாட்டுங்கா_மாணவி
மிக்க நன்றி. தாய் ஏற்காவிட்டால் புட்டிப்பால் கொடுக்கலாமா? தாய்க்குத் தீவனம் எவ்வளவு கூட்டுவார்கள்?

ஓங்கில்
பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதம் போல. டால்பின் பாலில் அதைப் போல மூன்று, நான்கு மடங்கு, லாக்டோஸோ (பால் சர்க்கரை) மிகக் குறைவு. பசும்பாலோ எருமைப்பாலோ கொடுத்தால் கழிச்சலில் போய்விடும். லாக்டோஸ் குறைந்த பால்மாவோடு முள் நீக்கி அரைத்த மீனும் மீன் எண்ணெயும் சேர்த்துக் குழாய் வழியே கொடுப்பார்கள். சீம்பால் கிடைக்காத குட்டிக்கு நோய் எதிர்ப்பும் குறைவு. இது மருத்துவர் முடிவு, ஷிப்டில் இருப்பவர் முடிவல்ல.

பாலூட்டும் தாய் வழக்கத்தைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை தின்பாள். உறைந்த மீனில் தயமின் (வைட்டமின் பி1) அழிந்துபோவதால் கிலோ மீனுக்கு 25 முதல் 30 மில்லிகிராம் தயமினும் 100 யூனிட் வைட்டமின் ஈ-யும் சேர்ப்பது வழக்கம்.

வெர்சோவா_கரை
மும்பையிலேயே உங்களுக்கு இது பயன்படும். இந்தக் கரையோரம் கூன்முதுகு டால்பின்கள் உண்டு, குட்டி ஒதுங்குவதும் நடக்கும். வெளிறிய மடிப்புக் கோடுகளும் ஆறாத தொப்புளும் இருந்தால் பிறந்து சில நாளே ஆகியிருக்கும். தனியாகக் கடலில் தள்ளாதீர்கள், தாய் இல்லாமல் பிழைக்காது. வாலைப் பிடித்து இழுக்காமல், வயிறு தரையில் படக் கிடத்தி, நிழல் போட்டு, ஈரத்துணியால் மூடுங்கள். மூச்சுத்துளையைத் துணி மூடக்கூடாது, அதில் தண்ணீரும் போகக்கூடாது. கூட்டத்தைத் தள்ளி நிறுத்திவிட்டு உடனே வனத்துறையைக் கூப்பிடுங்கள். எல்லா டால்பின்களும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. வீட்டுக்குத் தூக்கிப்போகவோ தொட்டியில் விடவோ சட்டம் இடம் தராது. அவர்கள் வரும்வரை ஐந்து நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று மட்டும் எண்ணி எழுதி வையுங்கள்.