ஏணியில் ஏறும்போது டூல்ஸை எதில் வைத்துக்கொள்வது? பவுச்சா, பையா?

புது வயர்மேன்:
அண்ணன்மாருக்கு வணக்கம். ஐடிஐ முடித்துவிட்டு எட்டு மாதமாக வீட்டு வயரிங் வேலைக்குப் போகிறேன். கட்டிங் பிளேயர், டெஸ்டர், டிரைவர் எல்லாம் பேன்ட் பின்பாக்கெட்டில்தான். மூன்று பேன்ட் கிழிந்தாயிற்று. போன வாரம் ஏணியிலிருந்து பிளேயர் விழுந்து புது டைல்ஸ் தெறித்துவிட்டது, கூலியில் பிடித்துக்கொண்டார்கள். பையில் போட்டால் ஒரு ஃபேன் மாட்ட பத்து தடவை இறங்க வேண்டியிருக்கிறது. இடுப்பில் கட்டும் டூல் பவுச் வாங்கலாமா? அப்புறம், டிபியில், அதாவது ஃப்யூஸ் பெட்டியில், எம்சிபி என்கிற டிரிப் ஸ்விட்சின் ஸ்க்ரூ தலையெல்லாம் மழுங்குகிறது. என் டிரைவர் மட்டமா?

பழைய கை:
வாங்குங்க தம்பி, ஆனால் சின்னதாக. அறை அதிகம் இருந்தால் எல்லாவற்றையும் திணிப்போம், மதியத்துக்குள் இடுப்பு கழன்றுவிடும். பிளேயர், வயர் தோல் உரிக்கும் ஸ்ட்ரிப்பர், டெஸ்டர், இரண்டு டிரைவர், டேப் போதும். வலது கைக்காரர் என்றால் வலது பக்கம், முனை கீழே பார்த்து. முன்னால் தொங்கவிட்டால் குத்துக்காலிட்டு பிளக் பாயின்ட் கட்டும்போது வயிற்றில் குத்தும். சுத்தியலும் உளியும் சுவர் வெட்டும் நாளுக்குத்தான், ஸ்விட்ச் கட்டும் நாளில் எதற்கு? மீதியெல்லாம் காலி பெயின்ட் வாளியில் போட்டு, கயிறு கட்டி மேலே இழுத்துக்கொள்வேன். பார்க்க அழகில்லை, ஆனால் இன்று வரை ஒன்றும் கீழே விழுந்ததில்லை.

பேனல் வேலைக்காரர்:
டிரைவர் மட்டமில்லை, முனைதான் வேறு. நிறைய எம்சிபி ஸ்க்ரூவில் இருப்பது சாதாரண ஸ்டார் தலை கிடையாது, போசிடிரைவ். கூட்டல் குறிக்கு நடுவே நான்கு மெல்லிய கோடு தெரிகிறதா பாருங்கள். அதற்கு பிஇசட் 2 முனை கேட்டு வாங்குங்கள். சாதாரண ஸ்டார் முனை நழுவி மேலே ஏறி, தலையைத் தின்றுவிடும்.

பிளேயர் கைப்பிடியில் ரப்பர் இருப்பதாலேயே ஷாக் அடிக்காது என்று நினைக்காதீர்கள். இரட்டை முக்கோணக் குறியும் 1000 வி என்ற எழுத்தும் இருந்தால்தான் சோதித்த இன்சுலேஷன். அது இருந்தாலும் மெயினை இறக்கிவிட்டே கை வையுங்கள்.

புது வயர்மேன்:
நன்றி அண்ணே. என் பிளேயரில் எழுத்தும் இல்லை, முக்கோணமும் இல்லை! மெயினை இறக்கினேனா என்று டெஸ்டரில் பார்த்தால் போதுமா?

பழைய கை:
போதாது. நியான் டெஸ்டர் நம் உடம்பு வழியாகத்தான் எரிகிறது. மர ஏணி, ரப்பர் செருப்பு என்றால் 230 வோல்ட் இருந்தும் மங்கலாகத்தான் தெரியும், வெயிலில் அதுவும் தெரியாது. டெஸ்டர் எரிகிறதா என்று கரண்ட் இருக்கும் ஒரு பாயின்ட்டில் முதலில் வைத்துப் பாருங்கள், முடிந்தால் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரும் வாளியில் இருக்கட்டும். டெஸ்டரை வைத்து ஸ்க்ரூ முறுக்குகிற ஆளா நீங்கள்?

புது வயர்மேன்:
முறுக்குவேன் அண்ணே... ஸ்விட்ச் ஸ்க்ரூ மட்டும்.

பழைய கை:
சரி, பவுச்சோடு ஒரு மெல்லிய பட்டை டிரைவரும் சேர்த்து வாங்குங்க.