வேர்ட்பிரஸ் உள்ளே நுழைந்தாலே "ப்ரோ வாங்குங்க" அறிவிப்பு: நிறுத்த வழி உண்டா?

பூண்டுத்தோட்டம் (கேள்வி)

வணக்கம். கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில் மலைப்பூண்டு விற்கும் விவசாயிகள் குழுவின் தளம். தளத்தை நடத்துவது வேர்ட்பிரஸ் மென்பொருள், அதன் மேல் கடை நடத்த வூகாமர்ஸ், கூடவே 11 ப்ளகின்கள் (வசதி சேர்க்கும் துணை மென்பொருள்கள்). எல்லாமே வேர்ட்பிரஸின் டைரக்டரியிலிருந்து (ப்ளகின்களின் பொதுப் பட்டியல்) போட்ட இலவசச் சரக்கு.

ஆர்டர் பக்கத்தைத் திறந்தால் முதலில் வருவது ஆர்டர் இல்லை. எஸ்இஓ (கூகுள் தேடலில் முன்னே வர உதவும்) ப்ளகின் "தள்ளுபடி இன்றோடு முடிகிறது" என்கிறது. படிவ ப்ளகின் ஐந்து நட்சத்திரம் கேட்கிறது. பேக்கப் ப்ளகின் பெரிய படத்தோடு "மேம்படுத்துங்கள்" என்கிறது. ஆர்டர் கவனிக்கும் இரண்டு பேரும் போனில்தான் பார்க்கிறார்கள். மூன்று தடவை தள்ளினால்தான் பட்டியல் கண்ணில் படும். மழை நாளில் சிக்னல் ஒரு கோடு, அதில் இந்தப் படங்கள் வேறு. "பணம் கட்டாவிட்டால் கடை நின்றுவிடுமா" என்று அவர்கள் கேட்கும் அளவுக்கு இருக்கிறது.

பெருக்கல் குறியை அழுத்தி மூடினாலும் ஏன் திரும்ப வருகிறது? ப்ளகின் கோடில் அந்த வரிகளை அழித்தால் லைசென்ஸ் மீறலா? டபிள்யூபி-கான்ஃபிக் என்ற அமைப்பு ஃபைலில் வெளி இணைப்பைத் தடுக்கும் வரி ஒன்று உண்டாமே, அதைப் போட்டால் நிற்குமா?

மேல்மலை

அந்த இரண்டு பேரும் எந்த ரோலில் (அனுமதி நிலையில்) நுழைகிறார்கள்? அட்மினிஸ்ட்ரேட்டர் என்றால் பாதிப் பிரச்சினை அங்கேதான். விளம்பர அறிவிப்புகளில் பெரும்பாலானவை "மேனேஜ் ஆப்ஷன்ஸ்" (தள அமைப்பை மாற்றும்) அனுமதி உள்ளவருக்கு மட்டுமே காட்டப்படும்படி எழுதப்பட்டவை. வூகாமர்ஸ் போடும்போதே "ஷாப் மேனேஜர்" என்ற ரோல் வந்துவிடுகிறது. ஆர்டர், சரக்கு, கூப்பன் எல்லாம் அதில் பார்க்கலாம். ப்ளகின் பக்கம் தெரியாது. யூசர்ஸ் போய் இருவரையும் அதற்கு மாற்றுங்கள். பாதுகாப்புக்கும் அதுதான் சரி, ஆர்டர் பார்ப்பவர் கையில் தளத்தின் மொத்தச் சாவி எதற்கு?

அதற்குப் பிறகும் வூகாமர்ஸின் சொந்தப் பரிந்துரைகள் வரலாம். வூகாமர்ஸ் → செட்டிங்ஸ் → அட்வான்ஸ்டு → வூகாமர்ஸ்.காம் பகுதியில் "சஜெஷன்ஸ்" என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள்.

திரும்ப வருவதற்குக் காரணம்: மூடும் குறியை வேர்ட்பிரஸ் தருகிறது, ஆனால் அது அந்த நேரத் திரையிலிருந்து மட்டுமே அறிவிப்பை எடுக்கும். "இவர் மூடிவிட்டார்" என்று டேட்டாபேஸில் குறித்து வைப்பது ப்ளகின் எழுதியவர் வேலை. சிலர் எழுதுவதே இல்லை, பக்கத்தை ரீலோடு செய்தால் மறுபடி நிற்கும். சிலர் யூசர் கணக்கில் குறிக்கிறார்கள். நீங்கள் மூடினாலும் அடுத்தவருக்கு வரும். வாரா வாரம் வருவது டிரான்சியன்ட், அதாவது காலாவதி தேதியோடு சேமித்த குறிப்பு. அது தற்செயல் இல்லை, வேண்டுமென்றே வைத்தது.

சோலைக்காடு

லைசென்ஸ் பற்றி: வேர்ட்பிரஸ் இருப்பது ஜிபிஎல் என்ற, யாரும் மாற்றிப் பயன்படுத்த விடும் லைசென்ஸில்: 2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு. டைரக்டரியில் உள்ள ப்ளகின்கள் ஜிபிஎல்லுக்கு ஒத்துப்போகும் லைசென்ஸில்தான் இருக்க வேண்டும். ஆகவே உங்கள் தளத்தில் அந்த வரிகளை அழிப்பது உங்கள் உரிமை, யாரையும் கேட்க வேண்டாம்.

ஆனாலும் அழிக்காதீர்கள். அடுத்த அப்டேட்டில் ஃபோல்டரே புதிதாக மாறும், அழித்தது திரும்ப வந்து நிற்கும். அதைத் தவிர்க்க அப்டேட்டை நிறுத்தி வைத்தால் பாதுகாப்பு ஓட்டை அடைபடாது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

சரியான இடம் டபிள்யூபி-கன்டென்ட்டுக்குள் "எம்யூ-ப்ளகின்ஸ்" ஃபோல்டர். இதில் வைப்பது தானாக ஓடும், ப்ளகின் அப்டேட் அதைத் தொடாது. இல்லையென்றால் நீங்களே உருவாக்கலாம். பிஹெச்பி ஃபைலை நேராக அதில் வையுங்கள். உள்ஃபோல்டரில் வைத்தால் தானாக ஓடாது. அதில் "ரிமூவ் ஆக்‌ஷன்" என்ற கட்டளையைப் போட்டு, குறிப்பிட்ட ப்ளகினின் அறிவிப்பைக் காட்டும் ஃபங்ஷனை (கோடின் தனித் துண்டை) மட்டும் கழற்ற வேண்டும். பலர் தடுக்கி விழுவது இரண்டு இடத்தில். எம்யூ-ப்ளகின்கள் மற்ற ப்ளகின்களுக்கு முன்பே ஓடிவிடும். அப்போது கழற்ற எதுவும் மாட்டப்பட்டிருக்காது. அதனால் "இன் அட்மின் ஹெடர்" ஹூக்குக்குள் (வேர்ட்பிரஸ் ஓடும்போது நம் கோடை மாட்டும் இடம்) வைத்து, 1000 போல ஒரு பிந்தைய முன்னுரிமை எண் கொடுங்கள். இன்னொன்று, மாட்டியபோது கொடுத்த அதே முன்னுரிமை எண்ணைக் கழற்றும்போதும் கொடுக்க வேண்டும். இயல்பான 10 என்று நினைத்துக்கொண்டு கொடுத்து, ப்ளகின் எழுதியவர் 20 போட்டிருந்தால் ஒன்றும் நடக்காது, எரரும் வராது. பெயரில்லாத ஃபங்ஷனாக மாட்டியிருந்தால் இந்த வழியில் கழற்றவே முடியாது.

"எல்லா அறிவிப்பையும் நீக்கு" என்று ஒரே வரியில் செய்யும் கோடு நெட்டில் கிடைக்கும். வேண்டாம். வேர்ட்பிரஸ் புதுப் பதிப்பு வந்திருக்கிறது, வூகாமர்ஸ் டேட்டாபேஸை அப்டேட் செய்யணும் போன்றவையும் அதே வழியில்தான் வருகின்றன.

குளிர்காற்று

வெளி இணைப்புத் தடை பற்றி யாரும் சொல்லவில்லை. அந்த வரி தடுப்பது உங்கள் சர்வர் வெளியே கேட்பதை மட்டும். அறிவிப்பில் உள்ள படம் நேராக போனின் பிரவுசர் வழியே இறங்குகிறது என்றால் அதை இந்த வரி தொடாது. அதோடு, அனுமதிக்கும் முகவரிகளின் பட்டியலைச் சேர்த்துப் போடாமல் விட்டால் வேர்ட்பிரஸ் அப்டேட் நின்றுபோகும். பேமென்ட் கேட்வேயோடு (பணம் வாங்கித் தரும் சேவை) சர்வர் பேசுவதும் நிற்கலாம்: பணம் போயிருக்கும், ஆர்டர் "பெண்டிங்" என்றே நிற்கும். பூண்டு விற்கிற தளத்தில் இந்த விஷப்பரீட்சை தேவையில்லை.

மேல்மலை

ஆமாம், அதை விட்டுவிட்டேன். சரியாகச் சொன்னீங்க.

நீலப்பூ

எழுதினவர் பக்கமும் கொஞ்சம் பேசுவோம். இலவசமாகப் பயன்படுத்துகிறோம், அவர் சோற்றுக்கு என்ன செய்வார்? விம் என்ற இலவச டெக்ஸ்ட் எடிட்டர் பல ஆண்டுகளாகத் தொடக்கத் திரையில் உகாண்டா குழந்தைகளுக்கு உதவி கேட்டது. யாரும் கொதிக்கவில்லை. காரணம் எளிது: தட்ட ஆரம்பித்தவுடன் அது போய்விடும், வேலைக்குக் குறுக்கே நிற்காது.

2012-ல் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 12.10 பதிப்பு, டேஷ் என்ற அதன் தேடல் பெட்டியில் அமேசான் பொருட்களைக் காட்டியபோது கொதித்தார்கள், ஏனென்றால் சொந்தக் கணினியில் ஃபைல் தேடினால் அந்தச் சொல்லே வெளியே போனது. 16.04 பதிப்பில்தான் அது இயல்பாகவே அணைந்திருக்கும்படி வந்தது. 2019 ஆகஸ்டில் "ஸ்டாண்டர்டு" என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவி, நிறுவும்போது டெர்மினலில் ஸ்பான்சர் விளம்பரம் காட்டியது. எதிர்ப்பில் சில நாட்களிலேயே நிறுத்தினார்கள். அதே ஆண்டு என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளை நிறுவும் கருவி) "ஃபண்ட்" என்று தனிக் கட்டளை கொண்டுவந்தது. யாருக்கு உதவி வேண்டும் என்று நீங்கள் கேட்டால் பட்டியல் தரும். இதுதான் கண்ணியமான வழி என்பேன்.

எச்சரிக்கை வரவேண்டிய இடத்தில் கடை விரிப்பதுதான் என் எதிர்ப்பு. தினமும் ஐந்து மஞ்சள் பெட்டியைப் பார்த்து மூடிப் பழகினவர், நிஜமான ஆறாவதையும் படிக்காமல் மூடுவார். புலி வருது கதைதான்.

பூண்டுத்தோட்டம்

எல்லாருக்கும் நன்றி. ஷாப் மேனேஜர் ரோலுக்கு மாற்றியதில் ஐந்தில் நான்கு போய்விட்டது. இப்போதுதான் கவனித்தேன்: வாடிக்கையாளர் பார்க்கும் பக்கத்தின் அடியிலும் படிவ ப்ளகினின் பெயரும் லிங்க்கும் இருக்கிறது. நாங்கள் எதையும் ஆன் செய்யவில்லை.

சோலைக்காடு

அது வேறு கணக்கு. வேர்ட்பிரஸ் டைரக்டரியில் ப்ளகின் வைப்பவர்களுக்கு 18 விதிகள் உண்டு. பத்தாவது விதிப்படி, உங்கள் வெளிப்பக்கத்தில் கிரெடிட் லிங்க் காட்ட உங்கள் அனுமதி வேண்டும், இயல்பில் அணைந்திருக்க வேண்டும். முதலில் ப்ளகினின் செட்டிங்ஸில் "பவர்டு பை" டிக் இருக்கிறதா பாருங்கள். முன்பு நிறுவியவர் தெரியாமல் போட்டிருக்கலாம். புதிய டெஸ்ட் தளத்தில் அதே பதிப்பை நிறுவி, எதையும் தொடாமல் லிங்க் வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் ப்ளகின் ரிவ்யூ குழுவுக்கு மெயில் போடுங்கள். தளத்தைத் தேவையில்லாமல் மறிக்கும் டேஷ்போர்டு அறிவிப்புக்கு பதினோராவது விதி: தளம் முழுக்கத் தெரிவது மூடக்கூடியதாக இருக்கணும். இரண்டையும் ஒரே மெயிலில் எழுதலாம். ப்ளகின் பதிப்பு எண், டெஸ்ட் தளத்தின் ஸ்க்ரீன்ஷாட், லிங்க் எந்தப் பக்கத்தில் வருகிறது, இந்த மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.