பிரிட்ஜ் போட்ட பல்: எத்தனை வருடம் தாங்கியது?

அம்மாவுக்குக் கீழ்க்கடைவாயில் பிரிட்ஜ் கட்டிப் பல வருடமாகிறது. அதாவது, விழுந்த பல்லுக்கு இருபுறமும் உள்ள தாங்கு பற்களில் கேப் (உறை) மாட்டி, நடுவில் செயற்கைப் பல்லைச் சேர்த்துக் கட்டுவது. வலி கிடையாது, ஆட்டம் கிடையாது. அந்தப் பக்கம் மட்டும் ஏதோ கெட்ட வாடை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், தாங்கு பல் இரண்டில் முன்னால் உள்ளதில் சிமெண்ட் கரைந்து, கேப்புக்குள் சொத்தை ஓடியிருக்கிறது. பின்பல் இறுக்கிப் பிடித்திருந்ததால் பிரிட்ஜ் அசையவே இல்லை. முன்பல் ஏற்கெனவே ரூட் கேனால் செய்தது. நரம்பு எடுத்த பல்லில் சொத்தை விழுந்தால் எப்படி வலிக்கும்? பீங்கானுக்குச் சொத்தை வராது, அடியில் இருக்கும் பல்லுக்கு வரும் என்பதைக் கட்டும்போதே சொல்லியிருக்கலாம். பில்லை மட்டும் விளக்கமாகச் சொன்னார்கள்!

யாருக்காவது 10 வருடத்துக்கு மேல் நின்றிருக்கிறதா? என்ன செய்கிறீர்கள்?

*

எனக்கு நிற்கிறது தம்பி. மேல்வரிசையில் மூன்று பல் சேர்ந்தது. சாதாரண ஃப்ளாஸ் இதற்கு ஆகாது. மூன்றும் ஒன்றாக ஒட்டியிருப்பதால் நூல் இடையில் இறங்காது. சூப்பர் ஃப்ளாஸ் என்று கேட்டு வாங்குங்கள். அதன் ஒரு முனை விறைப்பாக இருக்கும். ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரி நடுப்பல்லுக்கு அடியில் நுழைத்து, பஞ்சு போல் உள்ள பகுதியை முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். தாங்கு பல் ஈறோடு சேரும் ஓரத்தை விட்டுவிடாதீர்கள், சொத்தை ஆரம்பிப்பதே அங்கேதான். எனக்கு ஆரம்பத்தில் ரத்தம் வந்தது, ஈறு வீங்கியிருந்ததால். விடாமல் செய்ததும் நின்றது. வெறும் கொப்பளிப்பு இதற்கு ஈடாகாது. ராத்திரி பல் கடிக்கும் பழக்கம் இருந்ததால் டாக்டர் நைட் கார்டும் (தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ளும் காப்பு உறை) செய்து கொடுத்தார். முறுக்கு தின்கிறேன், ஆனால் மறுபக்கமாக.

*

என் மாமாவின் பிரிட்ஜ் கையோடு கழன்று வந்துவிட்டது. கடையில் விற்கும் பசையைப் போட்டு அவரே ஒட்டிக்கொண்டார். கோணலாக உட்கார்ந்து கடிப்பே மாறிவிட்டது, ஈறும் புண்ணாகிவிட்டது. கழன்றால் ஒரு டப்பாவில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போங்கள். அடிப்பல் நன்றாக இருந்தால் பெரும்பாலும் அதையே திரும்ப ஒட்டிவிடலாம்.

*

நன்றி அக்கா. அம்மாவுக்குக் கை நடுங்கும், நூலெல்லாம் கோர்க்க வராது. தண்ணீரைப் பீய்ச்சும் கருவி வாங்கலாமா?

*

வாங்குங்கள். குறைந்த வேகத்தில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். ஆனால் ஒட்டியிருக்கும் படிவு முழுக்க அதிலேயே போய்விடாது. கைப்பிடி வைத்த இடைப்பல் பிரஷும் வேண்டும். அளவை டாக்டரே பார்த்துச் சொல்லட்டும், பெரியதைத் திணித்தால் ஈறு கிழியும்.